2013இன் புரோகிரசிவ் ராக்: என் வரிசையில் முதலிடம் ஒரு நீராவி எஞ்சினுக்கு

ஆண்டு முடியும் வேளையில் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் எவை என்று பட்டியல் போட்டுப் பகிர்ந்துகொள்வது புரோகிரசிவ் ராக் ரசிகர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். பெரும்பாலான ஆண்டுகளில் ஒருவர் பட்டியலுக்கும் இன்னொருவர் பட்டியலுக்கும் சம்பந்தமே இருக்காது. 2013 அப்படிப்பட்ட ஆண்டு அன்று. ரிவர்சைட் குழுவின் ‘ஷ்ரைன் ஆஃப் நியூ ஜெனரேஷன் ஸ்லேவ்ஸ்’, ஸ்டீவன் வில்சனின் ‘தி ரேவன் தட் ரெஃப்யூஸ்டு டு சிங்’, பிக் பிக் டிரெய்ன் குழுவின் ‘இங்கிலிஷ் எலெக்ட்ரிக்: பார்ட் டூ’, ஹேக்கன் குழுவின் ‘தி மவுண்டன்’ ஆகிய நான்கும் ஜனவரி தொடங்கி செப்டம்பருக்குள் வெளிவந்துவிட்டன. இந்த நான்கில் எது முதலாவது, எது நான்காவது என்பதில்தான் வாதம். பலர் ரேவனையே முதலில் வைத்தார்கள்; பிரிட்டனில் வழங்கப்பட்ட புரோகிரசிவ் மியூசிக் விருதுகளிலும் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக அதுவே தேர்வானது. என் வரிசை வேறு. முதலில் இங்கிலிஷ் எலெக்ட்ரிக், அடுத்து மவுண்டன், மூன்றாவதாக ரேவன், நான்காவதாக ரிவர்சைட். ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த இசை வகையில் வாசிப்புத் திறமைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானபோதே, மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்காத நீளம், அடிக்கடி மாறும் தாளக்கணக்கு, மேற்கத்தியச் செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் எடுத்துக்கொண்ட அமைப்பு முறைகள் என்று, திறமையைக் காட்டுவதற்கு வாகான வடிவமாகவே அது அமைந்துவிட்டது. இப்போதோ ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று எந்தக் கணக்கிலும் தடங்கலின்றி வாசிக்கக்கூடிய இளைஞர்கள் உலகின் எல்லா மூலைகளிலும் இருக்கிறார்கள். ஆகவே எவ்வளவு அபாரமாக வாசிக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஓர் ஆல்பத்தை எடைபோட எனக்கு மனம் ஒப்புவதில்லை. இத்தனை நீளமும் இத்தனை சிக்கலும் எதைச் சொல்வதற்காக என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பதினைந்து நிமிடம் ஓடும் பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் தேவைப்படும் விஷயம் ஒன்று இருக்க வேண்டும். அந்த விஷயம் இல்லாத இடத்தில், வாசிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இரண்டாவது முறை கேட்கும்போதே கவனம் சிதறிவிடுகிறது. அந்த ஆண்டின் நான்கு பெரிய ஆல்பங்களையும் இந்தக் கேள்வியை வைத்தே நான் வரிசைப்படுத்தினேன்.

ஒலிப்பதிவின் தரம் என்று வந்தால் ரேவனுக்கு அந்த ஆண்டில் போட்டியே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிப்ரவரி 2013இல் கே-ஸ்கோப் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பம், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஈஸ்ட்வெஸ்ட் ஸ்டுடியோவில், இசைக்கலைஞர்கள் பெரும்பாலும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, நேரடியாகப் பதிவுசெய்யப்பட்டது. ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர் ஆலன் பார்சன்ஸ். 1973இல் வெளியான பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் ஒலிக்குப் பின்னால் இருந்தவர். வில்சன் அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல் போன்ற குழுக்களின் மூலப் பதிவுநாடாக்களை எடுத்து மறுகலவை செய்துவந்தவர். 1970களின் ஆல்பங்கள் உள்ளுக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அவ்வளவு நெருக்கத்தில் பார்த்தவர்கள் அவர் தலைமுறையில் வேறு யாரும் இருப்பார்களா என்பது ஐயம்தான். கிங் கிரிம்சன் குழு பயன்படுத்திய மெல்லோட்ரானையே இந்தப் பதிவுக்கு வாங்கிவந்து வாசித்தார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்தநாடா வீதம் ஓட, முன்பே பதிந்துவைத்த வயலின்களின் ஒலியையோ புல்லாங்குழலின் ஒலியையோ எழுப்பும் பழைய கருவி அது. நாடாவுக்கே உரிய அந்த லேசான நடுக்கம் இந்த ஆல்பத்தில் பல இடங்களில் காதில் விழுகிறது.

முதல் பாட்டான ‘லூமினால்’ பன்னிரண்டு நிமிடம். நிக் பெக்ஸின் பேஸ் கிடாரும் மார்கோ மின்னமானின் டிரம்ஸும் எடுத்த எடுப்பிலேயே தலைதெறிக்கும் ஓட்டத்தில் இறங்குகின்றன. குரல்கள் கூட்டாக எழுந்து அந்த ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்துகின்றன. தியோ டிராவிஸின் புல்லாங்குழலும் ஆடம் ஹோல்ஸ்மேனின் கீபோர்டும் முறைவைத்து முன்னால் வருகின்றன. நடுவில் எல்லாம் தணிந்து மென்மையான ஒரு பகுதி பிறக்கிறது. அது மெல்ல மெல்லக் கனத்து மெல்லோட்ரானின் பேரலையில் போய் முடிகிறது. நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று கிடார் வாசிக்கும் தெருப்பாடகன் ஒருவன் இறந்த பிறகும் அதே இடத்துக்கு வந்து வாசித்துக்கொண்டிருக்கிறான் என்பது கதை. அடுத்து வரும் ‘டிரைவ் ஹோம்’ பாட்டின் இறுதியில் கத்ரி கோவன் வாசிக்கும் கிடார் தனிப்பகுதியைப் பற்றி ரசிகர்கள் இன்றளவும் பேசிச் சலிக்கவில்லை. அவர் வேகத்துக்குப் பெயர்போனவர். ஆனால் அங்கே முதலில் சில சுரங்களை மட்டும் இழுத்து, வளைத்து, காத்திருக்கவைத்து, பிறகே விரைகிறார். மனைவியை விபத்தில் பறிகொடுத்துவிட்டு அதை நினைவுகூர முடியாமல் தவிக்கும் ஒருவனின் கதைக்கு அந்தக் காத்திருப்பு மிகவும் பொருந்துகிறது.

அப்படியிருந்தும் ரேவனை நான் மூன்றாவதாக வைப்பதற்குக் காரணம், அதன் ஆறு பேய்க்கதைகளில் மூன்று மட்டுமே பாட்டின் நீளத்தைத் தாங்குகின்றன என்பது. ‘தி ஹோலி டிரிங்கர்’ பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. வாசிப்பு பிரமிக்கவைக்கிறது; ஆனால் அங்கே கதை ஒரு சாக்கு மட்டுமே. எந்த இடம் கிங் கிரிம்சனிடமிருந்து வந்தது, எந்த இடம் 1970களின் ஜாஸ் ராக்கிலிருந்து வந்தது என்று பழகிய ரசிகர் பிரித்துச் சொல்லிவிட முடிகிறது. ‘தி வாட்ச்மேக்கர்’ பாட்டிலும் அதே நிலைதான்: மனைவியைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் புதைத்த கடிகாரக்காரரின் கதை தன்னளவில் நல்ல கதை, ஆனால் நடுப்பகுதியின் கருவியிசை அந்த மனிதரை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. ஆல்பத்தை உயர்த்துவது கடைசியாக வரும் தலைப்புப் பாட்டு. பியானோவில் மிக எளிய ஒரு தொடர். சிறுவயதில் இறந்துபோன தமக்கையே காகமாக வந்திருக்கிறாள் என்று நம்பி, தனக்காக ஒருமுறை பாடும்படி அதைக் கெஞ்சும் கிழவர். எட்டு நிமிடத்துக்குள் படிப்படியாக மேலேறும் நரம்பிசை. யாரும் தங்கள் திறமையைத் தனித்துக் காட்டாத அந்தப் பாட்டில்தான் ஆறு பேரும் உச்சத்தில் இருக்கிறார்கள். ஆல்பம் முழுவதும் அப்படி இருந்திருந்தால் முதலிடத்தைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது.

இனி இங்கிலிஷ் எலெக்ட்ரிக். பிக் பிக் டிரெய்ன் 1990இல் போர்ன்மவுத் நகரில் கிரெக் ஸ்பாட்டனும் ஆண்டி பூலும் தொடங்கிய குழு. பல ஆண்டுகள் சிறிய வட்டத்துக்குள்ளேயே அறியப்பட்டிருந்த அந்தக் குழுவின் போக்கு, டேவிட் லாங்டன் பாடகராகச் சேர்ந்த பிறகு வெளிவந்த 2009ஆம் ஆண்டின் ‘தி அண்டர்ஃபால் யார்டு’ ஆல்பத்திலிருந்து மாறியது. 2013இல் அந்தக் குழு மேடைக் கச்சேரி எதுவும் செய்யவில்லை. ரசிகர்கள் அதை ஆல்பங்கள் வழியாக மட்டுமே அறிந்திருந்தார்கள். எக்ஸ்டிசி குழுவில் இருந்த டேவ் கிரெகரி கிடார். ஸ்பாக்ஸ் பியர்டு குழுவிலிருந்து 2011இல் விலகிய நிக் டிவெர்ஜிலியோ டிரம்ஸ். டேனி மேனர்ஸ் பியானோ. 2012 செப்டம்பரில் இங்கிலிஷ் எலெக்ட்ரிக்கின் முதல் பகுதி வந்தது. 2013 மார்ச்சில் வந்த இரண்டாம் பகுதியில், இங்கிலாந்தின் உழைப்பாளிகளைப் பற்றி, அதாவது ரயில் எஞ்சின் கட்டியவர்கள், கப்பல் கட்டியவர்கள், நிலக்கரி வெட்டியவர்களைப் பற்றி அவர்கள் பாட எடுத்துக்கொண்ட விஷயம் முழு வடிவம் பெற்றது.

‘ஈஸ்ட் கோஸ்ட் ரேசர்’ ஏறக்குறைய பதினாறு நிமிடப் பாட்டு. அதன் நாயகி மல்லார்டு என்ற நீராவி எஞ்சின். சர் நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ-4 வகையைச் சேர்ந்த அந்த எஞ்சின், 1938 ஜூலை 3 அன்று கிரந்தாமுக்குத் தெற்கே ஸ்டோக் பேங்க் இறக்கத்தில் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நீராவி எஞ்சின்களில் அந்தச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. அன்று எஞ்சினை ஓட்டியவர் ஜோ டடிங்டன். நிலக்கரி அள்ளிப் போட்டவர் டாமி பிரே. அந்த ஓட்டத்தின் வேகத்தைத் தாங்க முடியாமல் நடுச் சிலிண்டரின் பேரிங் சூடேறி உருகிவிட்டது. மெதுவாக நகர்ந்து பீட்டர்பரோவை அடைந்த மல்லார்டை அங்கேயே கழற்றிவிட்டு வேறோர் எஞ்சினைப் பூட்டித்தான் ரயிலை லண்டனுக்கு அனுப்பினார்கள். சாதனையும் சேதமும் ஒரே சில நிமிடங்களில் நடந்த கதை இது. இதற்குத்தான் பதினாறு நிமிடம் தேவை.

பாட்டு பியானோவில் அமைதியாகத் தொடங்கி, பேஸ் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் ஓட்டமெடுக்கிறது. எஞ்சினை வரைந்தவர்களும், இரும்பை வளைத்தவர்களும், ஓட்டியவர்களும் வரிகளில் ஒவ்வொருவராக வருகிறார்கள். சாதனையைப் பற்றிய பாட்டு என்றால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது எவருக்கும் எளிதில் தோன்றும் வழி. இவர்கள் அதைச் செய்யவில்லை. பாட்டின் பின்பாதியில், உச்சத்துக்குச் சற்று முன்னால், ஓட்டம் முழுவதையும் தளர்த்திவிடுகிறார்கள். பித்தளைக் கருவிகளும் நரம்புக் கருவிகளும் அகன்று பரவ, கேட்பவர் எஞ்சினுக்குள்ளிருந்து வெளியே வந்து, தொலைவில் நின்று அது கடந்துபோவதைப் பார்ப்பதுபோல் அந்த இடம் அமைந்திருக்கிறது. அங்கிருந்து எழும் லாங்டனின் குரல், அவள் பறக்கிறாள் என்ற பொருளில் இரண்டே சொற்களை உச்சஸ்தாயியில் நிறுத்துகிறது. அந்தக் கணத்தில் டிரம்ஸ் திரும்பி வருவதை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும். நிக் டிவெர்ஜிலியோ அங்கே வித்தை எதையும் காட்டுவதில்லை; தாளத்தை நேராகப் பிடித்து, குரலுக்கும் பித்தளைக் கருவிகளுக்கும் இடம்விட்டு, அவ்வளவு பேரையும் சுமந்துகொண்டு போகிறார். பிறகு எல்லாம் அடங்கி, தொடங்கிய பியானோவில் பாட்டு முடிகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும்.

ஆல்பம் வந்த ஆண்டிலேயே அந்தச் சாதனையின் 75ஆம் ஆண்டு நிறைவும் வந்தது. உலகில் எஞ்சியிருக்கும் ஏ-4 எஞ்சின்கள் ஆறையும் 2013 ஜூலையில் யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் ஒன்றாக நிறுத்தினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த இரண்டு எஞ்சின்கள் அதற்காகவே கடல் கடந்து கொண்டுவரப்பட்டன. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் பாட்டைக் கேட்டவர்கள் என்னைப் போல் பலர் இருப்பார்கள்.

அடுத்த பாட்டான ‘ஸ்வான் ஹண்டர்’ டைன் நதிக்கரையில், வால்செண்டில் இருந்த கப்பல் கட்டும் தளத்தைப் பற்றியது. மாரிடேனியா என்ற பெரிய பயணிகள் கப்பல் அங்கே கட்டப்பட்டது. டைட்டானிக் மூழ்கியபோது உயிர் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்ட கார்பேத்தியாவும் அந்த நிறுவனம் கட்டியதே. 2006இல் அங்கே கப்பல் கட்டுவது நின்றது. அடுத்த ஆண்டு, அந்த ஊரின் அடையாளமாகவே நின்றிருந்த ராட்சத கிரேன்கள் இந்தியாவின் பாரதி ஷிப்யார்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. வரலாற்றின் இந்தப் பெரிய பெயர்களையெல்லாம் பாட்டு விட்டுவிடுகிறது. வேலை போன பிறகு அந்த ஊரின் தகப்பன்மார்களிடம் எஞ்சியது என்ன, மகன்களுக்கு அவர்கள் சொல்ல வைத்திருந்த கதைகள் எவை என்பதை மட்டும் மெதுவான நடையில் பாடுகிறார் லாங்டன். இங்கேயும் பித்தளைக் கருவிகள் வருகின்றன. இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்க ஊர்களிலும் ஆலை ஊர்களிலும் தொழிலாளர்களே நடத்திவந்த பித்தளை இசைக்குழுக்களின் மரபு நூற்றாண்டுக்கு மேல் பழமையானது. வேறு குழுக்கள் ஆல்பத்தைப் பிரமாண்டமாக்க ஆர்க்கெஸ்ட்ராவைக் கூட்டிவருவார்கள். இவர்கள் கார்னெட்டையும் டிராம்போனையும் டியூபாவையும் கொண்டுவந்தபோது, பாட்டில் வரும் மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்திருக்கக்கூடிய இசையையே கொண்டுவந்தார்கள். பொருளும் ஒலியும் இப்படி ஒன்றையொன்று கண்டுகொண்ட ஆல்பம் அந்த ஆண்டில் வேறு இல்லை.

‘வொர்க்டு அவுட்’ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கானது. அதன் நடுப்பகுதிக் கருவியிசையில் குழுவினர் முகம் மலர்ந்து வாசிப்பது கேட்கும்போதே தெரிகிறது. ‘லெப்பர்ட்ஸ்’ ஒரு சிறிய காதல் பாட்டு, மற்றவற்றின் அருகில் எடை குறைந்து நிற்கிறது. ‘கீப்பர் ஆஃப் அபீஸ்’ பாழடைந்த மடாலயங்களைக் காத்துநிற்கும் ஒருவரைப் பற்றியது. வயலின் முன்னின்று நடத்தும் அதன் இரண்டாம் பாதியில் நாட்டுப்புற நடனத்தின் துள்ளல் இருக்கிறது. ‘தி பெர்மனன்ட் வே’ இரண்டு பகுதிகளிலும் வந்த மெட்டுகளை ஒன்றாகக் கோக்கும் பாட்டு என்பதால், முதல் பகுதியைக் கேட்காமல் நேரே இங்கே வருபவர்களுக்கு அதன் முழு எடை புரியாது. இரண்டாம் பகுதியைத் தனி ஆல்பமாக எடுத்துக்கொண்டால் நான் சொல்லக்கூடிய ஒரே உண்மையான குறை அதுதான். செப்டம்பரில் இரண்டு பகுதிகளையும் நான்கு புதிய பாட்டுகளோடு சேர்த்து ‘ஃபுல் பவர்’ என்ற இரட்டைக் குறுந்தகடாக வெளியிட்டு, வரிசையையும் மாற்றி அமைத்தபோது அந்தக் குறையும் தீர்ந்தது. டேவிட் லாங்டன் 2021 நவம்பரில் காலமானார். குழு புதிய பாடகருடன் தொடர்கிறது. என்றாலும் இந்தப் பாட்டுகளில் அவர் குரலில் இருக்கும் கனிவுக்கு ஈடு கிடையாது.

ஹேக்கன் லண்டனைச் சேர்ந்த குழு. மூன்றாவது ஆல்பமான மவுண்டன் 2013 செப்டம்பரில் இன்சைட் அவுட் நிறுவனத்தின் வழியாக வந்தது. முதல் இரண்டு ஆல்பங்களைக் கேட்டவர்கள் இவர்களை அமெரிக்க புரோகிரசிவ் மெட்டல் குழுவான டிரீம் தியேட்டரின் பள்ளியில் பயின்ற கெட்டிக்கார மாணவர்களாகவே கருதினார்கள். மவுண்டன் அந்த எண்ணத்தை மாற்றியது. மலையேறுவது, அதாவது ஏறத் துணிவது, வழுக்குவது, விழுவது, மீண்டும் கிளம்புவது, என்பதே ஆல்பத்தின் அடிச்சரடு. எவரெஸ்ட் சிகரத்தை ஏன் ஏற வேண்டும் என்று கேட்டபோது மலையேறி ஜார்ஜ் மலோரி சொன்னதாக வழங்கிவரும் ‘அது அங்கே இருப்பதால்’ என்ற பதிலைத் தலைப்பாகக் கொண்ட பாட்டு, கருவி எதுவுமின்றிக் குரல்களால் மட்டுமே தொடங்குகிறது. ஒரு மெட்டல் குழு அந்த இடத்தில் தன் கனத்த கிடார்களை இறக்கிவைத்துவிட்டுக் குரல்களை மட்டும் நம்பியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதைவிடப் புகழ்பெற்றது ‘காக்ரோச் கிங்’. நான்கைந்து குரல்கள் வெவ்வேறு வரிகளைப் பின்னிப் பாடி ஒரே இடத்தில் வந்து சேரும் உத்தி, 1970களில் ஜெண்டில் ஜயண்ட் குழு வளர்த்தெடுத்தது. பேராசைக்காரன் ஒருவன் பணத்தின் மாயையில் விழுவதைச் சொல்லும் இந்தப் பாட்டில், எத்தனையோ நாக்குகள் ஒரே நேரத்தில் ஆசை காட்டுவதுபோல் ஒலிப்பதற்கு அந்தப் பின்னல் உதவுகிறது. பழைய உத்தியைக் கையாண்டாலும் அதற்கு இங்கே வேலை இருக்கிறது; ரேவனில் பல இடங்களில் நான் தேடிக் காணாதது இதுவே. ‘ஃபாலிங் பேக் டு எர்த்’, மெழுகுச் சிறகுகளோடு பறந்து விழுந்த கிரேக்கப் புராண இக்காரஸின் கதையை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடத்தில் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் காட்டுகிறது. ‘பரைடோலியா’ மட்டும் சற்றுக் குறைத்திருக்கலாம். அதன் நடுவில் தாளக்கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது மலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆனால் கடைசிப் பாட்டான ‘சம்பாடி’ எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடுகிறது. ஏதோ ஒன்றாக ஆகியிருக்கலாமே என்ற ஏக்கத்தை ராஸ் ஜென்னிங்ஸ் திரும்பத் திரும்பப் பாட, அடியில் இசை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கனக்கிறது. முடிவில் பித்தளைக் கருவிகளும் சேர்ந்துகொள்கின்றன. சிகரத்தை எட்டியதாக அவர்கள் சொல்லவே இல்லை. அந்த நேர்மைக்காகவே இதை ரேவனுக்கு மேலே வைத்தேன்.

வார்சாவிலிருந்து வந்த ரிவர்சைட் ஆல்பம் ஜனவரியிலேயே வெளிவந்து ஆண்டைத் தொடங்கிவைத்தது. அதற்கு முன்பு மெட்டலின் பக்கம் சாய்ந்திருந்த குழு, இதில் ஹம்மண்ட் ஆர்கனை முன்னுக்குக் கொண்டுவந்து 1970களின் ஹார்டு ராக் நிறத்தைப் பூசிக்கொண்டது. வேலை, சம்பளம், கடை, மறுபடியும் வேலை என்று சுழலும் இன்றைய நகரவாசியே தலைப்பில் சொல்லப்படும் புதிய தலைமுறை அடிமை. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘எஸ்கலேட்டர் ஷ்ரைன்’ பாட்டில் வணிகவளாகம் கோயிலாகவும் நகரும் படிக்கட்டு அதன் பிராகாரமாகவும் ஆகிவிடுகின்றன. மிகாவ் வாபாயின் ஆர்கனும் மறைந்த பியோத்ர் குருட்ஜின்ஸ்கியின் கிடாரும் அங்கே பேசிக்கொள்ளும் விதம் அலாதியானது. அவர் 2016 பிப்ரவரியில் காலமான பிறகு அந்தப் பகுதியைக் கேட்பது இன்னும் கனமாகிவிட்டது. பாடகர் மாரியூஷ் டூடாவின் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும்: கோபத்தைக்கூட அடக்கிப் பேசும் குரல். நான்காமிடம் தந்ததற்குக் காரணம் ஒன்றே. நகரவாசியைப் பற்றி ஆல்பம் சொல்வது முழுவதும் பொதுவாகவே இருக்கிறது. அந்த நகரும் படிக்கட்டில் நிற்பவரின் முகம் ஒன்றுகூட நமக்குக் காட்டப்படுவதில்லை.

நான்குக்கு வெளியே நின்றவற்றில் ஜெர்மனியின் ‘தி ஓஷன்’ குழு வெளியிட்ட ‘பெலேஜியல்’ ஆல்பத்தை யாரும் தவறவிடக் கூடாது. கடலின் மேற்பரப்பில் தொடங்கி அடித்தளம்வரை இறங்கும் ஒரே பயணமாக அது அமைந்திருக்கிறது. ஆழம் கூடக் கூட வெளிச்சம் குறைவதுபோல் இசையும் மெதுவாகி, இருண்டு, அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. பாடகருக்குக் குரல் நலம் கெட்டிருந்ததால் முதலில் குரலற்ற ஆல்பமாகவே திட்டமிட்டு, பிறகு குரலோடும் குரலின்றியும் இரண்டு வடிவங்களில் வெளியிட்டார்கள். குரலற்ற வடிவமே எனக்குப் பிடித்தது. இறங்கும் உணர்வுக்கு அங்கே இடையூறு இல்லை.

டிரீம் தியேட்டர் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட பன்னிரண்டாவது ஆல்பத்தில் 22 நிமிடம் ஓடும் ‘இல்யூமினேஷன் தியரி’ இருக்கிறது. அதன் நடுவில் வரும் நரம்பிசைப் பகுதி அழகானது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை அந்தக் குழு முன்பே பலமுறை சொன்னவை. நெதர்லாந்தின் ஆர்யன் லூக்காசன் தன் ஏரியான் திட்டத்துக்காக எழுதிய ‘தி தியரி ஆஃப் எவ்ரிதிங்’ நான்கு கட்டங்களாகவும் 42 சிறு பகுதிகளாகவும் பிரிக்கப்பட்ட கதை. 1970களின் புரோகிரசிவ் ராக் நட்சத்திரங்களான கீத் எமர்சன், ரிக் வேக்மன், ஸ்டீவ் ஹாக்கெட் மூவரும் விருந்தினராக வாசித்திருப்பது எந்த ரசிகருக்கும் ஆசையைத் தூண்டும். ஆனால் மெட்டு ஒன்று நிலைகொள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஸ்பாக்ஸ் பியர்டு குழுவோ, புதிய பாடகர் டெட் லியனார்டுடன் ‘பிரீஃப் நாக்டர்ன்ஸ் அண்ட் டிரீம்லெஸ் ஸ்லீப்’ ஆல்பத்தில் புத்துயிர் பெற்றது. இதில் பாசாங்கே இல்லை. அதன் கடைசிப் பாட்டு ‘வெயிட்டிங் ஃபார் மி’ ஒன்றுக்காகவே வாங்கலாம். கேமல் குழுவின் ‘தி ஸ்னோ கூஸ்’ மறுபதிவும் அந்த ஆண்டில்தான் வந்தது. 1975இல் வந்த ஆல்பத்தின் புதிய பதிவு என்பதால் வரிசையில் சேர்க்கவில்லை; நீண்ட நோயிலிருந்து மீண்டு அந்தக் குழுவின் கிடார் கலைஞர் ஆண்ட்ரூ லாட்டிமர் மறுபடியும் கிடாரைக் கையில் எடுத்தார் என்பதே ரசிகர்களுக்கு அந்த ஆண்டின் பெரிய மகிழ்ச்சி.

இந்த வகை இசைக்குப் புதியவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ‘ஸ்வான் ஹண்டர்’ பாட்டை முதலில் கேளுங்கள் என்பேன். ஏறத்தாழ ஆறு நிமிடம்தான். மெட்டு முதல் முறையிலேயே பிடிபட்டுவிடும். அது பிடித்தால் ‘ஈஸ்ட் கோஸ்ட் ரேசர்’ பாட்டுக்குப் போகலாம், அதன் பிறகு இங்கிலிஷ் எலெக்ட்ரிக்கை ‘ஃபுல் பவர்’ வடிவத்தில் முழுவதுமாக வாங்கிவிடலாம். பாட்டுகளின் பின்னணியைச் சொல்லும் புத்தகம் அந்தப் பதிப்பில் கூடவே வருகிறது. மெட்டல் கேட்டுப் பழகியவர்கள் மவுண்டனை ‘காக்ரோச் கிங்’ வழியாகத் தொடங்கலாம். வீட்டில் நல்ல ஸ்பீக்கர்களும் புளூ-ரே வசதியும் உள்ளவர்கள் ரேவனின் 5.1 சூழொலிக் கலவையைத் தேடிப் பிடிப்பது நல்லது. தலைப்புப் பாட்டின் நரம்பிசை அறை முழுவதும் சூழ்ந்து எழுவதை இரண்டு ஸ்பீக்கரில் முழுமையாக உணர முடியாது.